ரா படத்தை மாற்றிய பின் நிற ஆழம் எங்கே தொலைகிறது

கேமரா 14 பிட் ஆழத்தில் பதிவு செய்த ரா கோப்பை (சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) அதற்குரிய மென்பொருளில் திறந்து, வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் சரிசெய்து, டிஃப் கோப்பாக வெளியே எடுத்து, பிறகு வேறொரு தொகுப்பு மென்பொருளில் வேலையைத் தொடர்வது இன்று பலருக்கும் பழகிப்போன நடைமுறை. கோப்பு எந்தத் தடையும் இன்றித் திறக்கிறது. படமும் முன்பு இருந்தது போலவே தெரிகிறது. ஆனால் அந்தி வானத்தின் மாறுபாட்டைச் சற்றே உயர்த்தியதும், வழவழப்பாக இறங்க வேண்டிய நீலம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கிறது. இதைப் பார்த்தவர்கள் முதலில் சந்தேகிப்பது கேமராவைத்தான். பெரும்பாலான சமயங்களில் கேமரா தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அது கொடுத்த தகவலில் பெரும்பகுதியை இடையில் இருந்த ஏதோ ஒரு படி வெளியே தள்ளியிருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

நிற ஆழத்தை, அதாவது ஒவ்வொரு நிறத்தையும் எத்தனை படிகளாகப் பிரித்து எழுத முடியும் என்பதை, கோப்பின் பண்பாக மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கேமரா, ரா கோப்பைப் படமாக்கும் மென்பொருள் (இனி இதை மாற்றி என்று குறிப்பிடுகிறேன்), இடைக்கோப்பு, தொகுப்பு மென்பொருள், அதனுள் இயங்கும் பிளகின் என்ற கூடுதல் நிரல், சேமிக்கும் வடிவம், கடைசியில் திரை என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. ஆழம் அந்த வரிசை முழுவதற்கும் உரியது. வரிசையின் எந்த இடத்தில் குறுகல் வருகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. கடைசிப் படியில் வரும் குறுகலைப் பெரும்பாலும் கண் கண்டுபிடிப்பதில்லை. நடுவில் வரும் குறுகலோ அதற்குப் பின் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தாலும் பெரிதாகிக்கொண்டே போகும்.

எண்களை ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிறத்துக்கு) 8 பிட் என்றால் கறுப்பிலிருந்து முழு வெளிச்சம் வரை 256 படிகள். 12 பிட் என்றால் 4,096. 14 பிட் என்றால் 16,384. 16 பிட் என்றால் 65,536. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 256 படிகள் இருந்தால் மொத்தம் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறச் சேர்க்கைகள் கிடைக்கும். இவ்வளவு நிறங்கள் இருக்கையில் இன்னும் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. ஆனால் ஒரு வானமோ, வெறும் சுவரோ, முகத்தின் நிழல்பக்கமோ அந்தக் கோடிக்கணக்கான சேர்க்கைகளில் மிகச் சிறிய பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் வானம் ஒரு ஓரத்தில் 170 என்ற மதிப்பில் தொடங்கி மறு ஓரத்தில் 200-ல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பவை 30 படிகள் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு படியும் சுமார் 200 பிக்சல் அகலமுள்ள ஒரே நிறப் பட்டையாக இருக்கும். அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஒரே ஒரு எண் வித்தியாசம் இருக்கும்வரை கண்ணுக்கு எல்லை தெரியாது. மாறுபாட்டை இரட்டிப்பாக்கினால் அந்த வித்தியாசம் இரண்டாகும், மறுபடியும் உயர்த்தினால் மூன்றோ நான்கோ ஆகும். பட்டையின் அகலம் மட்டும் அப்படியே இருக்கும். வானத்தில் விளிம்புகள் முளைப்பது இப்படித்தான்.

இங்கே பெயர்களில் உள்ள ஒரு சிக்கலையும் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பொருந்தாமைப் புகார்களில் கணிசமானவை இதிலிருந்தே பிறக்கின்றன. சில மென்பொருள்கள் ஒரு சேனலுக்கு எத்தனை பிட் என்று சொல்கின்றன; வேறு சில ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்று சொல்கின்றன. 8 பிட் படமும் 24 பிட் படமும் ஒன்றாகவே இருக்கலாம். 16 பிட் டிஃப் கோப்பை இன்னொரு நிரல் 48 பிட் என்று காட்டலாம். 32 பிட் என்ற சொல் இன்னும் ஆபத்தானது. இயங்குதளத்தின் திரை அமைப்பில் அது மூன்று 8 பிட் சேனல்களுடன் இன்னொரு 8 பிட் இடத்தையும் சேர்த்த கணக்கு. படத்தொகுப்பு மென்பொருளில் அதே சொல் ஒவ்வொரு சேனலுக்கும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணை (பின்னங்களையும் ஏற்கும் எண் வகை) குறிக்கிறது. முதலாவதைப் பார்த்துவிட்டுத் தன் படம் உயர்ந்த ஆழத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர், உண்மையில் வரிசையிலேயே மிகக் குறுகலான படியில் நின்றுகொண்டிருக்கிறார்.

ரா கோப்புக்குள் இருப்பது இன்னும் படமாகாத பதிவு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-ல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் மீது உள்ளது. அதன்படி ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு மாற்றி கணித்து நிரப்புகிறது. அத்துடன் வெண்சமநிலைக்காக ஒவ்வொரு சேனலையும் ஓர் எண்ணால் பெருக்குகிறது, கேமராவின் நிறங்களை ஒரு பொது நிறவெளிக்கு (எந்த எண் எந்த நிறம் என்று வரையறுக்கும் ஒழுங்குக்கு) கொண்டுவர மூன்று சேனல்களையும் கலந்து கணக்கிடுகிறது. இந்தக் கணக்குகளின் விடைகள் எல்லாம் பின்னங்கள். அதனால்தான் 14 பிட் பதிவிலிருந்து வந்த படத்துக்கு 14 பிட்டை விடக் கொஞ்சம் அதிக இடம் தேவைப்படுகிறது. கோப்பு வடிவங்களில் பரவலாக உள்ள அளவுகள் 8-ம் 16-ம் மட்டுமே என்பதால் நமக்கு இருக்கும் நியாயமான தேர்வு 16 தான். கேமரா 14 பிட்தானே தருகிறது, 16 பிட்டில் எடுப்பது வீண் அல்லவா என்ற வாதம் இந்தக் கணக்கைக் கவனிக்காததால் வருகிறது.

சென்சாரின் பதிவுக்கு இன்னொரு தன்மையும் உண்டு: அது ஒளியின் அளவுக்கு நேர்விகிதமானது. ஒளி பாதியானால் எண்ணும் பாதியாகும். இதன் விளைவாக, 14 பிட் பதிவின் 16,384 படிகளில் மேல் பாதியான 8,192 படிகள் மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும் ஓர் அளவுக்கு) போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகக் குறைந்து, பத்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 16 படிகள் மட்டும். நிழல்கள் பிறக்கும்போதே ஏழ்மையில் பிறக்கின்றன. அவற்றிடமிருந்து மேலும் பிடுங்க இடமே இல்லை.

நம் பார்வை அப்படி நேர்விகிதத்தில் இயங்குவதில்லை; இருளில் ஏற்படும் சிறு மாற்றங்களையும் அது உணர்ந்துவிடும். ஆகவே மாற்றி, படத்தை வெளியே அனுப்பும்போது ஒரு காமா வளைவைப் போட்டு, கிடைக்கும் படிகளில் பெரும்பங்கை இருண்ட பகுதிகளுக்கு ஒதுக்குகிறது. 8 பிட் படங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த வளைவுதான் காரணம். 18 சதவீத நடுச்சாம்பல் நேர்விகிதக் கணக்கில் 255-க்கு 46 என்ற இடத்தில் இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற பரவலான நிறவெளியின் வளைவில் அதுவே 118-ல் இருக்கும். அதற்கு நான்கு ஸ்டாப் கீழே உள்ள நிழல் நேர்விகிதக் கணக்கில் 3 என்ற எண்ணில் ஒடுங்கும். எஸ்ஆர்ஜிபி-யில் ஏறத்தாழ 27-ல் நிற்கும். டேவ் காஃபின் 1997-ல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற கட்டளைவரி நிரலைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அதில் ஒரு விருப்பம் காமா வளைவு இல்லாத 16 பிட் கோப்பைத் தரும். அது 16 பிட்டாக இருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. 8 பிட் மட்டுமே அறிந்த மென்பொருளில் அதைத் திறந்து, இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை ஏற்றினால், நிழல்கள் மூன்று நான்கு திட்டுகளாகச் சிதறிப்போகும்.

காமா வளைவு உள்ள 8 பிட் படத்திலும் திருத்தத்துக்கு இருக்கும் இடம் எவ்வளவு குறைவு என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நடுச்சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் கீழிருந்து நான்கு ஸ்டாப் கீழ்வரை உள்ள நிழல்களை இரண்டு ஸ்டாப் மேலே தூக்க வேண்டும் என்று கொள்வோம். எதிர்வெளிச்சத்தில் எடுத்த முகத்துக்கு இது அன்றாடத் தேவை. அந்த நிழல்கள் 8 பிட் எஸ்ஆர்ஜிபி-யில் சுமார் 27 முதல் 60 வரை, அதாவது 33 படிகளில் இருக்கின்றன. தூக்கிய பிறகு அவை 60 முதல் 118 வரை பரவ வேண்டும். அங்கே 58 இடங்கள் உள்ளன. 33 மதிப்புகளை வைத்துக்கொண்டு 58 இடங்களை நிரப்ப முடியாது. ஹிஸ்டோகிராமில் (எந்த வெளிச்ச மதிப்பில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடத்தில்) சீப்பின் பற்கள் போல இடைவெளிகள் தோன்றுவது இதனால்தான். இதே எல்லைக்குள் 16 பிட் கோப்பில் 8,000-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. அதே திருத்தத்துக்குப் பிறகும் அவை திரைக்குத் தேவையானதை விடப் பன்மடங்கு நெருக்கமாகவே இருக்கும். சீப்புப் பல் ஹிஸ்டோகிராம் வந்தாலே படம் கெட்டது என்று முடிவு கட்டுவது மிகைதான். இலைகளும் கற்களும் நிறைந்த படத்தில் அதை யாரும் கண்ணால் காண முடியாது. சமதளமான நிறம் உள்ள இடங்களில்தான் அது வெளியே வருகிறது.

இனி தொகுப்பு மென்பொருள்களைப் பார்க்கலாம். ரா பதிவு பரவத் தொடங்கிய காலத்தில் 16 பிட் படத்தைத் திறப்பதும் அதில் வேலை செய்வதும் வெவ்வேறு காரியங்களாக இருந்தன. 2002-ல் வந்த ஃபோட்டோஷாப் 7 பதிப்பு 16 பிட் படத்தைத் திறக்கும். ஆனால் அதன் மேல் ஒரு லேயர் (படத்தின் மேல் அடுக்கும் தனித் தளம்) போட முடியாது. 2003-ல் வந்த சிஎஸ் பதிப்பில்தான் 16 பிட் படங்களுக்கு லேயர்கள் கிடைத்தன. அதற்கு முன் வேலை செய்தவர்கள், முதலில் 16 பிட்டில் கர்வ்ஸ், லெவல்ஸ் போன்ற அடிப்படைத் திருத்தங்களை முடித்துவிட்டு, லேயர் தேவைப்படும் கட்டத்தில் 8 பிட்டுக்கு இறங்கும் ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். கட்டாயத்தால் வந்த அந்த ஒழுங்கு இன்றைக்கும் பொருத்தமானது என்பது என் எண்ணம். பெரிய தொனி மாற்றங்களை ஆழம் மிகுந்த இடத்தில் முடித்துவிட்டால், பின்னால் வரும் சில்லறைத் திருத்தங்கள் எங்கே நடந்தாலும் பெரிய சேதம் வராது.

கட்டற்ற மென்பொருளான கிம்ப்பின் கதை இதைவிட நீளமானது. 2.8 வரிசை வரை அது ஒரு சேனலுக்கு 8 பிட் மட்டுமே கையாண்டது. 16 பிட் டிஃப் கோப்பைத் திறந்தால், 8 பிட்டாக மாற்றப்படுகிறது, தகவல் இழப்பு ஏற்படும் என்று எச்சரித்துவிட்டுத் திறக்கும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், பல நிரல்கள் அந்த அளவு கூடச் சொல்வதில்லை என்பதால். 2018 ஏப்ரலில் வெளியான 2.10 பதிப்பு, கெகல் என்ற புதிய உள்ளியக்கத்தின் மேல் எழுதப்பட்டு, 16 பிட்டையும் 32 பிட் மிதவைப் புள்ளியையும் ஏற்கத் தொடங்கியது. ரா கோப்பைத் திறக்கச் சொன்னால் கணினியில் உள்ள டார்க்டேபிள் அல்லது ராதெரபி மென்பொருளிடம் அனுப்பி, அங்கிருந்து வரும் படத்தை வாங்கிக்கொள்ளும் வசதியும் அதில் சேர்ந்தது. இணையத்தில் இன்றும் கிடைக்கும் பழைய பாடங்கள் பல 2.8 காலத்தவை, அவற்றைப் படித்துவிட்டு இன்றும் மாற்றியில் 8 பிட்டைத் தேர்வு செய்கிறவர்கள் காரணம் இல்லாமல் இழக்கிறார்கள். எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு: புதிய பதிப்பில் உயர்ந்த ஆழத்தில், கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-ல் சேமித்த கோப்பைப் பழைய 2.8-ல் திறக்க இயலாது. கிரிட்டா, டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை உயர் ஆழத்தில் இயங்கக் கூடியவை. பின்னிரண்டும் தம் உள்கணக்குகளை மிதவைப் புள்ளியிலேயே செய்கின்றன.

ஃபோட்டோஷாப்பின் 16 பிட் பற்றி ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே அது 0 முதல் 65,535 வரை எண்ணுவதில்லை. 0 முதல் 32,768 வரை எண்ணுகிறது. நடுப்புள்ளி ஒரு முழு எண்ணாக அமைவதும், கணக்குகள் வேகமாவதும் இந்தத் தேர்வின் பயன்கள். இதைக் கேள்விப்பட்டதும் பாதித் தகவல் போய்விட்டதே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. 14 பிட் கேமராவின் 16,384 படிகளை விட அது இருமடங்கு. நடைமுறையில் படத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. கடைசி எண் வரை பொருந்த வேண்டிய அறிவியல் அளவீட்டுப் படங்களுக்கு மட்டும் இது கவனிக்க வேண்டிய செய்தி.

கோப்பு திறந்த பிறகும் ஆழம் கைநழுவும் இடங்கள் பல. ஃபோட்டோஷாப்பின் ஃபில்டர் கேலரி 8 பிட் படங்களில் மட்டுமே இயங்கும். 16 பிட் படத்தைத் திறந்து வைத்திருக்கும்போது அந்தப் பட்டியல் மங்கி நிற்கும். அதைப் பார்த்த பயனர், வேலை ஆக வேண்டுமே என்று படத்தை 8 பிட்டுக்கு மாற்றி, ஃபில்டரைப் போட்டுவிட்டு, மறுபடியும் 16 பிட்டுக்கு ஏற்றுகிறார். தலைப்புப் பட்டையில் 16 என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவை 256 படிகள்தான். பழைய பிளகின்கள் சில உயர் ஆழப் படத்தைக் கண்டால் இயங்க மறுக்கும். ஒரு மென்பொருளில் நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது, நடுவில் உள்ள கிளிப்போர்டு பெரும்பாலும் 8 பிட் படத்தையே கடத்துகிறது. கோப்பாகச் சேமித்துத் திறப்பதே பாதுகாப்பான வழி. சரிசெய் லேயர்களைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அவை மூலப் பிக்சல்களைத் தொடாது என்பது உண்மை. ஆனால் அவற்றின் கணக்கு ஆவணத்தின் ஆழத்திலேயே நடக்கிறது. 8 பிட் ஆவணத்தில் ஒரு லேயர் படத்தை இருட்டாக்கி அதற்கு மேலுள்ள லேயர் அதை வெளிச்சமாக்கினால், இடையில் நசுங்கிய படிகள் இறுதிப் படத்தில் பட்டைகளாகத் தெரியும்.

மிதவைப் புள்ளிக் கோப்புகள் வந்த பிறகு 16 என்ற எண்ணும் ஒரே பொருள் தருவதில்லை. 16 பிட் முழு எண் கோப்பு வேறு, 16 பிட் மிதவைப் புள்ளிக் கோப்பு வேறு. திரைப்பட வரைகலைக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-ல் பொதுவில் வெளியிட்ட ஓப்பன்இஎக்ஸ்ஆர் வடிவத்தால் புகழ்பெற்ற இந்த இரண்டாவது வகையில், எண்ணின் 16 பிட்டுகளில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்கும், ஐந்து அடுக்குக்கும், பத்து நுணுக்கத்துக்கும் போகின்றன. வெள்ளைக்கு மேலுள்ள வெளிச்சத்தையும் அது தாங்கும். அதன் பலம் அங்கேதான். மாற்றிகள் சிலவற்றில் டிஃப் ஏற்றுமதிப் பட்டியலில் இரண்டு வகைகளும் அடுத்தடுத்து இருக்கும். தவறான ஒன்றைத் தேர்ந்துவிட்டால், பெறும் மென்பொருள் கோப்பைத் திறக்க மறுக்கலாம், அல்லது எண்களைத் தவறாகப் படித்து அலங்கோலமான படத்தைக் காட்டலாம். மற்றொரு மென்பொருளிடம் ஒப்படைக்கும் கோப்புக்கு, வேறு தேவை இல்லாதவரை, 16 பிட் முழு எண் டிஃப் கோப்பையே நான் பரிந்துரைப்பேன். 32 பிட் மிதவைப் புள்ளி, பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றிணைக்கும் வேலைக்கு உரியது. அந்த ஆழத்தில் ஃபோட்டோஷாப்பின் கருவிகள் பல இயங்காமல் நிற்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

நிறவெளியைத் தேர்வு செய்யும்போது ஆழத்தை மறப்பது இன்னொரு பரவலான பிழை. எஸ்ஆர்ஜிபி, எச்பி மற்றும் மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-ல் முன்மொழிந்து 1999-ல் சர்வதேசத் தரமானது. அது அந்தக் காலத்துத் திரைகளின் அளவுக்கு வெட்டித் தைத்தது. கோடாக் உருவாக்கிய புரோஃபோட்டோ நிறவெளி அதைவிட மிகவும் விரிந்தது. அதன் முதன்மை நிறங்களில் சில கண்ணால் காணவே இயலாதவை. கேமரா பிடிக்கும் செறிந்த நிறங்கள் எதுவும் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக மாற்றிகள் இதை விரும்புகின்றன. ஆனால் அதே 256 படிகளை இத்தனை பெரிய பரப்பில் விரித்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான தூரம் கூடிவிடும். படிகளில் ஒரு பகுதி எந்தப் படத்திலும் வராத நிறங்களுக்கு ஒதுக்கப்பட்டு வீணாகும். 8 பிட் புரோஃபோட்டோ என்பது எந்தச் சூழலிலும் நியாயப்படுத்த முடியாத சேர்க்கை. 8 பிட்டில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் எஸ்ஆர்ஜிபி-யில் கொடுப்பது நல்லது. ஏற்றுமதிப் பெட்டியில் ஆழத்துக்கும் நிறவெளிக்கும் தனித்தனிப் பட்டியல்கள் இருப்பதால், இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஆழத்துக்கு விலை உண்டு. 6,000-க்கு 4,000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தின் ரா பதிவு, சுருக்காமல் 14 பிட்டில் வைத்தால், ஏறத்தாழ 42 மெகாபைட். அதுவே மூன்று சேனல் 8 பிட் டிஃப் ஆனால் 72, 16 பிட் ஆனால் 144, 32 பிட் ஆனால் 288 மெகாபைட். லேயர்கள் சேரச் சேர இது பெருகும். இடத்தை மிச்சம் பிடிக்க எல்இசட்டபிள்யூ சுருக்கத்தைத் தேர்ந்தால், 16 பிட் புகைப்படங்களில் கோப்பு சிறிதாவதற்குப் பதிலாகச் சில சமயம் பெரிதாகிவிடும், கீழ்நிலைப் பிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் சீரற்ற இரைச்சல் என்பதால். ஜிப் சுருக்கம் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருள்களும் இருக்கின்றன. மற்ற வடிவங்களில், பிஎன்ஜி 16 பிட்டைத் தாங்கும். அன்றாடம் நாம் பயன்படுத்தும் ஜேபெக் 8 பிட் மட்டுமே. ஃபோட்டோஷாப்பின் சிஎஸ்5-க்கு முந்தைய பதிப்புகளில் 16 பிட் படத்தைச் சேமிக்கப் போனால் வடிவங்களின் பட்டியலில் ஜேபெக் இருக்காது. காரணம் புரியாமல் தேடியவர்கள் ஏராளம். பின்னர் மென்பொருளே சத்தமில்லாமல் 8 பிட்டாக்கிச் சேமிக்கத் தொடங்கியது. ஹெய்ஃப் வடிவம் 10 பிட் படங்களுக்கும் வழிவிட்டிருக்கிறது. 2020-ல் வந்த கேனன் இஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் 3 கேமரா அப்படிப்பட்ட கோப்புகளை நேரடியாகவே எழுதும்.

தன் வேலைத்தொடரில் ஆழம் தங்குகிறதா என்பதை எவரும் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். வானமோ வெறும் சுவரோ உள்ள ஒரு ரா படத்தை மாற்றியில் திறந்து, வெளிச்சத்தை ஐந்து ஸ்டாப் குறைத்து, ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் அந்தப் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். பிறகு அதைத் தொகுப்பு மென்பொருளில் திறந்து, லெவல்ஸ் கொண்டு பழைய வெளிச்சத்துக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். ஐந்து ஸ்டாப் குறைத்தபோது முழு வெள்ளையே எஸ்ஆர்ஜிபி அளவில் சுமார் 50-க்கு இறங்கியிருக்கும். ஆகவே வழியில் எங்காவது 8 பிட் குறுகல் இருந்தால், முழுப் படமும் அந்த 50 படிகளிலிருந்து எழும்ப வேண்டியிருக்கும், வானம் உடைந்த ஓடுகளைப் போலத் தெரியும். 16 பிட் கடைசிவரை காப்பாற்றப்பட்டிருந்தால் 12,000-க்கும் மேற்பட்ட படிகள் கைவசம் இருக்கும், படம் ஏறத்தாழ முன்பு போலவே மீளும். மென்பொருளின் விளம்பரத்தில் எழுதியிருப்பதை விடவும், தலைப்புப் பட்டையில் தெரியும் எண்ணை விடவும் இந்தச் சோதனையை நான் நம்புவேன். புதிய பிளகின் ஒன்றைச் சேர்த்தாலும், நடுவில் அதை இயக்கிவிட்டு இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

சோதனையின்போது திரையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பரவலாக உள்ள திரைகள் 8 பிட் காட்டுகின்றன. மலிவானவற்றில் சில 6 பிட் பலகையை வேகமாக மினுக்கி 8 பிட் போலத் தோன்றச் செய்கின்றன. எனவே கோப்பு குறையின்றி இருந்தும் திரை காரணமாகப் பட்டைகள் தெரியலாம். படத்தைப் பெரிதாக்கும்போதோ நகர்த்தும்போதோ பட்டைகள் இடம் மாறினால் அவை காட்சியின் கோளாறு. படத்தின் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அவை கோப்பில் உள்ளவை.

8 பிட் போதுமான இடங்களும் உண்டு. மாற்றியிலேயே வெளிச்சம், மாறுபாடு, நிறம் எல்லாம் முடிந்துவிட்டு, வெளியே செய்யப்போவது தூசிப் புள்ளிகளை நீக்குவதும் அளவைச் சுருக்குவதும் மட்டும் என்றால் 8 பிட் கோப்பு எந்தக் குறையும் வைக்காது. உயர் ஐஎஸ்ஓ-வில் எடுத்த படங்களில் இரைச்சலே காவல் நிற்கிறது: அடுத்தடுத்த பிக்சல்கள் இரண்டு மூன்று படிகள் ஏறி இறங்குவதால் பட்டையின் விளிம்பு உருவாகவே வழியில்லை. இதே காரணத்தால், இரைச்சலை முழுதாகத் துடைத்தெடுத்த வழவழப்பான படத்துக்கு மற்றவற்றை விட அதிக ஆழம் தேவைப்படுகிறது. இரைச்சல் நீக்கத்தை 16 பிட் நிலையிலேயே செய்வது அவசியம். கடைசியில் 8 பிட்டுக்கு இறக்கும்போது டிதரிங் வசதி இருந்தால் அதை இயக்கி வைப்பதும் இந்தத் தத்துவத்தின்படியே: முழுமையாக்கத்தால் (பின்னத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்குவதால்) வரும் பிழையை ஒரே கோடாகத் திரளவிடாமல், கண்ணுக்குப் புலப்படாத மணல்போல் அது தூவிவிடுகிறது.

ரா கோப்பு கையில் இருந்தால், முன்பு 8 பிட்டில் மாற்றிய படத்தை மீண்டும் 16 பிட்டில் மாற்றி எடுப்பதே சரியான தீர்வு. மாற்றிகள் பெரும்பாலும் பழைய அமைப்புகளைக் கோப்பின் பக்கத்திலோ தம் தரவுத்தளத்திலோ வைத்திருப்பதால் அதற்கு அதிக நேரம் பிடிக்காது. ரா இல்லாமல் 8 பிட் டிஃப் கோப்போ ஜேபெக்கோ மட்டும் எஞ்சியிருந்தால், அதை 16 பிட்டுக்கு ஏற்றிவிட்டு வேலை செய்வதில் ஓரளவு பயன் உண்டு. போன படிகள் திரும்ப வரமாட்டா. ஆனால் இனிச் செய்யும் பத்துத் திருத்தங்களின் முழுமையாக்கப் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று சேராமல் தடுக்கப்படும். வானத்தில் ஏற்கெனவே பட்டை இருந்தால், அந்த 16 பிட் நிலையில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து லேசாக மங்கலாக்கி, அதன் மேல் ஓரிரு படிகள் அளவுக்கு நுண்ணிய இரைச்சலைச் சேர்த்து, அதன் பிறகே 8 பிட்டுக்கு இறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, 8 பிட்டிலேயே மங்கலாக்கினால், மங்கலின் விளைவும் முதலில் பார்த்த வானத்தின் அதே 30 படிகளுக்குள் முழுமையாக்கப்பட்டுப் பட்டைகள் சற்று இடம் நகர்ந்து மறுபடியும் நிற்கும்.